போகத் தெரிந்த பசை

90 அங்குல அகலம், 100 அங்குல நீளம்: அமெரிக்க வீடுகளில் இருவர் படுக்கும் கட்டிலுக்கென்று தைக்கும் குவில்ட் ஏறக்குறைய இந்த அளவில் இருக்கும். நான்கு ஓரங்களையும் கூட்டினால் 380 அங்குலம், கிட்டத்தட்ட 10 மீட்டர். மாதக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டி, இணைத்து, பஞ்சு வைத்து, மேலே கொடியும் பூவுமாகத் தையல் ஓட்டி முடித்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது இந்த 10 மீட்டர் ஓரம்தான். கை சலித்துப்போகிற நேரத்தில் வந்து நிற்கும் வேலை அது. அதில் கோணல் விழுந்தால் அத்தனை மாத உழைப்பும் கோணலாகத் தெரியும்.

குவில்ட் மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு உருவாக்கிய துணி, நடுவில் மெல்லிய பஞ்சுப் படலம், அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்த பின் ஓரம் நாலாபுறமும் பிசிராகத் தொங்கும். பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். அதை மூடத்தான் பட்டி. இரண்டரை அங்குல அகலத்தில் நீளமான துணிப்பட்டியை வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, அதன் பிசிர் ஓரத்தைக் குவில்ட்டின் பிசிர் ஓரத்தோடு பொருத்தி, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்கிறார்கள். பிறகு மடித்த ஓரத்தை மறுபக்கம் கொண்டுபோய் இன்னொரு தையல். நம் தையற்காரர் ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அளவுதான் பெரியது.

அந்தப் பட்டியைத் தைக்கும்வரை நழுவாமல் பிடித்து வைக்க, பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற, துவைத்தால் போய்விடுகிற வெள்ளைப் பசையைத் தொட்டு வைக்கும் பழக்கம் குவில்ட் தைப்பவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. பல பரிசுகள் வென்ற அமெரிக்கக் குவில்ட் கலைஞர் ஷாரன் ஷாம்பர் இந்த முறையைக் கற்றுக்கொடுத்துப் பரப்பியவர்களில் முக்கியமானவர். ஓரத்தில் முடியிழைபோல ஒரு கோடு பசை, அதன்மேல் பட்டி, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி, சில நொடிகள். குண்டூசி ஒன்றுகூட வேண்டாம். முதல் துவைப்பில் பசை போய்விடும், தையல் அப்படியே நிற்கும்.

கேட்பதற்குச் சின்ன உபாயமாகத் தெரியும். ஆனால் ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்டி, விட வேண்டிய நேரத்தில் விடுகிற ஒரு பொருளைச் செய்வது வேதியியலில் எளிதான காரியம் அல்ல. நிரந்தரமாக ஒட்டுவதைவிட அது கடினம் என்றே சொல்லலாம்.

முதலில், பட்டி ஏன் நழுவுகிறது?

தையல் இயந்திரத்தில் துணியை முன்னே தள்ளுபவை ஊசிக்கு அடியில் ஏறி இறங்கும் பற்கள். அவை அடித்துணியைக் கவ்வி நகர்த்துகின்றன. மேலே இருந்து அழுத்திப் பிடிக்கும் உலோகக் கால் நகர்வதில்லை. அது மேல்துணியை உரசிப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டு மெல்லிய துணிகளைத் தைக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. குவில்ட் ஓரத்தில் இருப்பதோ மூன்றடுக்கு விரிப்பும் இரண்டாக மடித்த பட்டியும் சேர்ந்து ஐந்து அடுக்கு. அதில் ஒன்று நசுங்கி நெளியும் பஞ்சு. ஒவ்வொரு தையலிலும் மேலடுக்கு துளித் துளியாகப் பின்தங்குகிறது. 10 செ.மீ.க்கு 1 மி.மீ. நழுவல் என்று வைத்துக்கொண்டால், 100 அங்குல ஓரத்தின் முடிவில் பட்டி ஓர் அங்குலம் தள்ளிப்போயிருக்கும். அந்த அங்குலம் எங்கேயாவது சுருக்கமாகக் குவிந்துதான் தீர வேண்டும். ஓரம் அலையலையாக எழும்பும். நான்கு மூலையும் தரையில் படியாது.

குண்டூசி இதைத் தடுக்கிறது, பாதி அளவுக்கு. ஊசி பிடிப்பது புள்ளியை, கோட்டை அல்ல. இரண்டு ஊசிகளுக்கு நடுவே துணி தன் விருப்பப்படி நழுவிக்கொண்டுதான் இருக்கும். தடித்த ஓரத்தில் குத்திய ஊசி துணியையே மேடாக்குகிறது. வேகமாக ஓடும் இயந்திர ஊசி குண்டூசியில் மோதினால் முறியும்; முறிந்த துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் கிளிப்புகள் வந்தபின் கைத்தையல்காரர்களுக்கு விரலில் குத்துப்படுவது குறைந்தது. இயந்திரத்தில் தைப்பவருக்கோ, கிளிப் ஊசியை நெருங்கும் கணத்தில் அதை எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் அந்த இடம் மறுபடி சுதந்திரம். பசை அப்படியல்ல. முழு நீளத்தையும் கோடாகப் பிடிக்கிறது. ஊசி கடந்து போன பிறகும் பிடியை விடுவதில்லை.

இந்தப் பிடியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒட்டிய இரண்டு பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்று சறுக்க வைப்பது வேறு, ஒரு முனையைத் தூக்கி உரிப்பது வேறு. சறுக்கும் விசையைப் பசைக்கோட்டின் முழுப் பரப்பும் பங்குபோட்டுத் தாங்குகிறது. உரிக்கும் விசையை, பிரிந்துகொண்டிருக்கும் விளிம்பில் உள்ள ஒரு மெல்லிய வரி மட்டும் தாங்க வேண்டும். அதனால்தான் தபால் உறையின் மூடியை இழுத்து நகர்த்த முடியாது, நகத்தால் கிளப்பி உரித்துவிட முடியும். இயந்திரம் பட்டிக்குக் கொடுப்பது சறுக்கு விசை. பசை அதற்கு அசைவதில்லை. தைப்பவர் தப்பாக ஒட்டிவிட்டதைக் கவனித்து விரலால் கொடுப்பது உரிப்பு விசை. பசை உடனே வழிவிடுகிறது. திருத்திக்கொண்டு மறுபடி ஒட்டலாம். ஒரே பசையின் ஒரே அளவு, இயந்திரத்துக்கு உறுதியாகவும் மனிதருக்கு இணக்கமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பசைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அமெரிக்கப் பள்ளிகளில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த ஒரு காளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்டன் என்பது 1857இல் தொடங்கிய பால் நிறுவனம். சுண்டக் காய்ச்சிய பாலை விற்றுப் பெயர் பெற்றது. பாலில் உள்ள கேசின் புரதத்திலிருந்து பசை செய்யும் நிறுவனம் ஒன்றை அது 1929இல் வாங்கியது. பால் பொருள்களுக்கு எல்சி என்ற பசு விளம்பர முகமாக இருந்தது. பசை விற்கும் பிரிவுக்கும் ஒரு முகம் வேண்டும் என்றபோது, எல்சியின் கணவனாக விளம்பரங்களில் வந்த எல்மர் என்ற காளையை அனுப்பிவைத்தார்கள். 1947இல் காஸ்கோரெஸ் என்ற பெயரில் வெளிவந்த வெள்ளைப் பசை 1951இல் எல்மர்ஸ் ஆனது. துணியிலிருந்து துவைத்து நீக்கக்கூடிய பள்ளிப் பசை 1968இல் வந்தது. குழந்தையின் சட்டைக் கையில் காய்ந்த பசை துவைத்தால் போக வேண்டும் என்ற தாய்மாரின் தேவைதான் அதன் பின்னால் இருந்தது. அந்தக் குணத்தையே குவில்ட் தைப்பவர்கள் பிற்பாடு தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். காளைப் படத்தைப் பார்த்துவிட்டு, இது குளம்பும் தோலும் காய்ச்சிய பசை என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அதில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை. முழுக்க ஆய்வுக்கூடத்தில் பிறந்த பாலிமர்.

அந்தப் பாலிமரின் கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. 1912இல் ஃபிரிட்ஸ் கிளாட்டே என்ற வேதியியலாளர் வினைல் அசிட்டேட் என்ற சேர்மத்துக்கும் அதிலிருந்து கிடைக்கும் பாலிமருக்கும் வழி கண்டார். பாலிவினைல் அசிட்டேட் என்று அதற்குப் பெயர். நம் ஊரில் தச்சர் முதல் பள்ளிப் பிள்ளை வரை ஃபெவிகால் என்றே சொல்லிப் பழகிய வெள்ளைப் பசையின் அடிப்படை இதுதான். இது தண்ணீரில் கரைவதில்லை. நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. பாலில் கொழுப்பு மிதப்பதுபோல. துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் இரண்டும் வெள்ளையாகத் தெரிகின்றன. தண்ணீர் வெளியேறும்போது துளிகள் நெருங்கி, முட்டி, ஒன்றில் ஒன்று கலந்து, சீரான படலமாகின்றன. சிதறடிக்க எல்லைகள் இல்லாததால் வெள்ளை மறைந்து கண்ணாடிபோல ஆகிவிடும். பசை காய்ந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறோமே, அதன் காரணம் இது.

துளிகள் சேர்ந்த இந்தப் படலம் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. நாற்காலிக் கால் கழன்று விழாமல் இருக்க அது நல்லது. துணிக்கு ஆகாது. துவைத்தால் போக வேண்டிய பசைக்குத் தண்ணீரை விரும்பும் பாலிமர் வேண்டும். பசை நிறுவனங்கள் தங்கள் முழுக் கலவையை வெளியிடுவதில்லை. ஆனால் துவைப்பில் போகும் பசைகளின் போக்கைப் புரிந்துகொள்ள, 1924இல் வில்லி ஹெர்மனும் வொல்ஃப்ராம் ஹேனலும் முதலில் தயாரித்த பாலிவினைல் ஆல்கஹால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

அதைச் செய்த விதமே சுவாரசியமானது. பாலிமரை உருவாக்க அதன் சிறு அலகுகளைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். வினைல் ஆல்கஹால் என்ற அலகோ கையில் நிற்காது. உருவான மாத்திரத்தில் அசிட்டால்டிஹைடாக உருமாறிவிடும். ஆகவே நேர்வழி இல்லை. முதலில் பாலிவினைல் அசிட்டேட் சங்கிலியைக் கோத்துக்கொண்டு, பிறகு அதில் தொங்கும் அசிட்டேட் தொகுதிகளை ஒவ்வொன்றாக வெட்டி, அந்த இடத்தில் ஹைட்ராக்சில் என்ற தொகுதியை வைக்கிறார்கள். ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். தண்ணீர் மூலக்கூறு கைகோக்க ஆசைப்படும் தொகுதி அது.

எத்தனை ஹைட்ராக்சில் கூடுகிறதோ அத்தனை நன்றாகக் கரையும் என்றுதானே தோன்றும்? இல்லை. 100 இடங்களில் 87 முதல் 89 வரை மாற்றிய பாலிமர் குளிர்ந்த தண்ணீரிலேயே கரைந்துவிடுகிறது. 98க்கு மேல் மாற்றினால் குளிர்நீரில் வெறுமனே ஊறிக் கிடக்கும். கரைய 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு கேட்கும். காரணம், ஹைட்ராக்சில் தொகுதிகளுக்குத் தண்ணீரை மட்டும் பிடிப்பதில்லை, ஒன்றையொன்றும் பிடிக்கும். இடைஞ்சல் இல்லாத சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு, படிகமாகி, தண்ணீர் நுழைய இடமே விடாமல் இறுகிவிடுகின்றன. எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு வைத்தால் சில நேரம் பிரிக்கவே வராது. நடுவில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் சுலபமாகக் கழலும். வெட்டாமல் விட்ட 11 முதல் 13 வரையிலான அசிட்டேட் தொகுதிகள்தான் அந்தக் காகிதத் துண்டுகள். சங்கிலிகளை முழுதாக நெருங்கவிடாமல் தடுத்து, தண்ணீர் புகுவதற்குச் சந்து விடுகின்றன. இந்தப் பாலிமரின் குணமெல்லாம் அந்தச் சில தொகுதிகளின் எண்ணிக்கையில் அடங்கியிருக்கிறது என்பது வியந்து பார்க்க வேண்டிய விஷயம்.

ஹைட்ராக்சில்களில் ஒரு பகுதியை அடக்கினால் இதே பாலிமர் துணியாகவும் ஆகும். 1939இல் ஜப்பானின் கியோட்டோவில் இச்சிரோ சகுராதாவும் கொரியரான ரி சங்-கியும் பாலிவினைல் ஆல்கஹால் இழையை ஃபார்மால்டிஹைடால் பதப்படுத்தி, தண்ணீரில் கரையாத வினைலான் இழையை உருவாக்கினார்கள். பின்னாளில் வடகொரியா அதைத் தன் தேசியத் துணியாகவே தயாரித்தது. துணியைப் பிடிக்கும் பசையும், தானே துணியாகும் இழையும் ஒரே குடும்பம்.

இனி இஸ்திரிப் பெட்டிக்கு வருவோம்.

பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். செல்லுலோஸ் குளுக்கோஸ் அலகுகளின் சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள். அதாவது பருத்தியும் பசையும் ஒரே கைகளை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் தண்ணீர் இருக்கும்வரை இரு தரப்பும் தண்ணீரையே பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் விலகினால்தான் ஒன்றையொன்று பிடிக்க முடியும். தண்ணீரை விரட்டுவதுதான் இஸ்திரியின் வேலை. பசையை உருக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் வேலை அது அல்ல.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். முழு ஓரத்துக்கும் 10 கிராம் பசை செலவாகிறது, அதில் 6 கிராம் தண்ணீர் என்று கொள்வோம். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பம் தேவை. 6 கிராமுக்கு 13,560. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி இதை 14 நொடிக்குள் கொடுத்துவிடும். நடைமுறையில் துணியும் பலகையும் வெப்பத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு சாண் நீளத்துக்கும் சில நொடி அழுத்த வேண்டியிருக்கிறது. அப்படியும் 10 மீட்டர் ஓரத்துக்குச் சில நிமிடங்கள்தான். தானாகக் காயட்டும் என்று விட்டால் அரை மணியோ அதற்கு மேலோ ஆகும், அதற்குள் பட்டி நகர்ந்துவிடும்.

அந்தக் காத்திருப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. பருத்தி நூலின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலப் பசையை உறிஞ்சிப் பரப்பும். ஒரு மி.மீ. கோடு மெல்ல மெல்ல அகன்று, தைக்க வேண்டிய இடத்துக்கே வந்துவிடும். உடனே சூடு வைத்தால் பசை கெட்டிப்பட்டு, பரவல் அந்த இடத்தோடு நிற்கும். இதனால்தான் அனுபவசாலிகள் புட்டியின் ஆரஞ்சு மூடியைக் கழற்றிவிட்டு, ஊசிமுனைபோல் மெல்லிய உலோகக் குழாய் மாட்டிக்கொள்கிறார்கள். கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. கால் அங்குலத் தையல் விளிம்புக்கு உள்ளே, ஓரத்தை ஒட்டியே பசை இருக்க வேண்டும். தையல் விழும் கோட்டைத் தொடக் கூடாது. தடிமனாகக் காய்ந்த பசையை ஊசி துளைக்கும்போது உரசலில் சூடேறி, பசை ஊசியில் படிந்து, நூல் அறுவதும் தையல் விட்டுப்போவதும் நடக்கும். கையால் தைப்பவருக்கு அந்த இடம் அட்டையில் குத்துவதுபோல இருக்கும்.

மூலைகளில்தான் பசையின் உண்மையான பயன் தெரிகிறது. பட்டி மூலையை அடைந்ததும் அதை 45 டிகிரி கோணத்தில் மேல்நோக்கி மடித்து, அப்படியே கீழே இறக்கி, அடுத்த ஓரத்தில் தொடர வேண்டும். புகைப்படச் சட்டத்தின் மூலையில் இரண்டு மரச்சட்டங்கள் சாய்வாகச் சந்திப்பதுபோன்ற கோடு வர வேண்டும். அங்கே துணியின் மேல் துணி, மடிப்பின் மேல் மடிப்பு. கைவிட்டவுடன் விரிந்துகொள்ளும். குண்டூசியால் குத்தினால் குவியல் இன்னும் மேடாகும். மடிப்புக்கு உள்ளே கடுகளவு பசை வைத்து இஸ்திரியால் ஒரு அழுத்து அழுத்தினால் அந்தக் கோணம் அப்படியே நிற்கும். கண்ணுக்குச் சரியாக இல்லையென்றால் உரித்துவிட்டு மறுபடி மடிக்கலாம். கென்டக்கி மாநிலத்தின் பதூகா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் குவில்ட் விழா போன்ற பெரிய போட்டிகளில் நடுவர்கள் மூலையைக் கையால் தடவிப் பார்ப்பார்கள்: கோணம் கூராக இருக்கிறதா, சாய்வு மடிப்பு தைத்து மூடப்பட்டிருக்கிறதா, பட்டிக்குள் பஞ்சு கடைசிவரை நிரம்பியிருக்கிறதா, அகலம் எங்கும் ஒன்றா. முழு ஓரத்தையும் ஊசி தொடும் முன்பே கண்ணால் பார்த்துத் திருத்திவிடும் வாய்ப்பைப் பசை கொடுக்கிறது.

வளைந்த ஓரத்துக்குப் பட்டியைக் குறுக்காக வெட்ட வேண்டும். நம் தையற்கடைகளில் கிராஸ் பீஸ் என்பார்கள். பாவுக்கும் ஊடைக்கும் 45 டிகிரி சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீளும், அகலம் குறையும். வளைவுகளில் படிய அந்த நீட்சி தேவை. கையின் இழுப்பு இடத்துக்கு இடம் மாறினாலோ, அதே நீட்சி ஓரத்தைச் சுருக்கியும் தளர்த்தியும் கெடுத்துவிடும். பசையால் முதலிலேயே இழுவை இல்லாமல் படியவைத்து நிலைநிறுத்திவிட்டால், இயந்திரத்தின் கால் அதை நீட்ட வழியில்லை. கிராஸ் பட்டிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நேர் இழையில் வெட்டிய பட்டியின் மடிப்பு முகட்டில் ஒன்றிரண்டு நூல்கள்தான் நீளவாக்கில் ஓடும். அவை தேய்ந்தால் ஓரம் முழுதும் பிளக்கும். குறுக்காக வெட்டியதில் எண்ணற்ற நூல்கள் முகட்டைச் சாய்வாகக் கடந்து தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

பிடித்தல் இவ்வளவுதான். இனி விடுதல்.

தண்ணீரில் போட்டதும் பசை சர்க்கரைபோல உடனே கரைவதில்லை. நீண்ட பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்குண்டு கிடக்கின்றன. தண்ணீர் முதலில் உள்ளே நுழைந்து அவற்றை ஊறவைக்கிறது. படலம் உப்பி, வழவழப்பான கூழாகிறது. பிறகுதான் சங்கிலிகள் ஒவ்வொன்றாகச் சிக்கலிலிருந்து உருவிக்கொண்டு தண்ணீரில் கலக்கின்றன. ஐந்து அடுக்குத் துணிக்கு நடுவே சிக்கிய பசைக்கு இந்தப் பயணம் இன்னும் நீளம். அலசிவிட்டு உடனே எடுத்துவிடாமல் கொஞ்ச நேரம் ஊறவைக்க வேண்டியது அதனால்தான். மிதமான வெந்நீர் சங்கிலிகளின் அசைவை வேகப்படுத்தும். சாயம் போகும் துணியாக இருந்தால் குளிர்நீரோடு நிறுத்திக்கொண்டு கூடுதல் நேரம் விடுவது மேல்.

ஒரு பொருளை மட்டும் முதல் துவைப்பில் விலக்கி வைக்கலாம்: போராக்ஸ். குழந்தைகள் பசையில் போராக்ஸ் கரைசலைக் கலந்து ஸ்லைம் செய்கிறார்களே, அங்கே நடப்பது என்ன? போரேட் அயனிகள் பாலிவினைல் ஆல்கஹால் சங்கிலிகளுக்குக் குறுக்கே பாலம் போட்டு, அவற்றை வலையாகக் கட்டிவிடுகின்றன. தண்ணீரில் கரைந்துபோக வேண்டிய சங்கிலிகளுக்கு இது விலங்கு பூட்டுவதுபோல. தண்ணீரில் கரையும் உறைக்குள் வரும் சலவைத் திரவப் பொட்டலங்களின் உறையும் பாலிவினைல் ஆல்கஹால்தான். போரேட் பட்டால் அந்த உறை கரைய மறுக்கும் என்பது அவற்றைத் தயாரிப்பவர்கள் அறிந்த சிக்கல். அமெரிக்க வீடுகளில் போராக்ஸ் தூளைச் சலவைக்குக் கூடச் சேர்ப்பது பழைய வழக்கம். பசை வைத்த குவில்ட்டை முதல் முறை வெறும் தண்ணீரிலோ சாதாரணச் சலவைத் திரவத்திலோ அலசிவிடுவது பாதுகாப்பு.

சூடும் ஓர் எல்லையைத் தாண்டினால் எதிரியாகும். பருத்திக்கான இஸ்திரிச் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். காய்ந்த பாலிவினைல் ஆல்கஹால் படலத்தை அவ்வளவு சூட்டில் நெடுநேரம் வைத்தால் சங்கிலிகள் அசைந்து, நெருங்கி, படிகமாக அடுக்கிக்கொள்ளத் தொடங்கும்; கரைதிறன் குறையும். டம்ளர்கள் இறுகுகின்றன. ஈரப் பசையின்மேல் சில நொடி வைத்து எடுப்பதில் தண்ணீர் ஆவியாகும் செயலே வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் அந்த ஆபத்து குறைவு. காய்ந்த பிறகும் திரும்பத் திரும்பத் தேய்ப்பதில் பயன் ஏதும் இல்லை.

துணிக்குத் தற்காலிகமாக ஒன்றைப் பூசி, வேலை முடிந்ததும் கழுவிவிடும் இந்த யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, தூரிகையால் இழை இழையாக நீவிவிடுவது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வேலை. தறியின் உரசலில் நூலின் பிசிர்கள் எழும்பி அறுந்துவிடாமல் கஞ்சியிலுள்ள மாவுச்சத்து அவற்றைப் படியவைத்துப் பிடிக்கிறது. மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். அதே ஹைட்ராக்சில் கைகள். விசைத்தறிப் பகுதிகளில் அந்த வேலையைச் சைசிங் மில்கள் செய்கின்றன. அங்கே மாவுச்சத்தோடு பாலிவினைல் ஆல்கஹாலும் பயன்படுகிறது. நெய்து முடிந்ததும் மாவுச்சத்தை நொதிகளால் சிதைத்தும், பாலிவினைல் ஆல்கஹாலை வெந்நீரில் கரைத்தும் துணியிலிருந்து நீக்குகிறார்கள். குவில்ட் ஓரத்தில் வைக்கும் பசைக்கோட்டுக்கும் பாவில் ஏற்றும் கஞ்சிக்கும் செயல் ஒன்றே: இயந்திரம் இழைகளைப் படுத்தும் பாட்டை அந்த நேரத்துக்கு மட்டும் தாங்குவது. எம்பிராய்டரி இயந்திரங்களிலும் இதே தத்துவம் உண்டு. தண்ணீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால் தாளின்மேல் பூவேலை தைத்து, பிறகு நனைத்தால் தாள் மறைந்து நூல் மட்டும் வலைப்பின்னலாக நிற்கும்.

எந்த வெள்ளைப் பசையும் இதற்கு ஆகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றாக இருக்கும். மரம் ஒட்டும் பசை துணியில் காய்ந்தால் ஊறவைத்தாலும் வெளுத்து ரப்பராக நிற்குமே தவிர முழுதாகப் போகாது. துணிக்கென்று விற்கும் நிரந்தரப் பசைகளும் ஆகாது. அவை துவைத்தாலும் நிற்பதற்கென்றே செய்யப்பட்டவை. புட்டியில் துவைத்தால் போகும் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும், அதே பட்டித் துணியின் இரண்டு துண்டுகளை ஒட்டி, இஸ்திரி போட்டு, மறுநாள் துவைத்துப் பார்த்துவிட்டு இறங்குவதே நல்ல பழக்கம். அடர்சிவப்பு, கருநீலத் துணிகளில் பசையின் ஈரமே சாயத்தைக் கிளப்பி வெளிர்நிறத் துணிக்குக் கடத்திவிடும். அதுவும் அந்தச் சோதனையில் தெரிந்துவிடும். பட்டுத் துணியில் நீர்த்துளியின் தடமே நிற்கக்கூடும் என்பதால் அங்கே பசையைத் தொடாமல் நூலோடு இருப்பதுதான் சரி.

பழைய குவில்ட்டுகளைச் செப்பனிடுகிறவர்களுக்கும் இது பொருந்தாது. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் உள்ள பன்னாட்டுக் குவில்ட் அருங்காட்சியகம், ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதி கொடுத்த ஏறக்குறைய 950 குவில்ட்டுகளோடு 1997இல் தொடங்கியது. அத்தகைய சேகரிப்புகளில் இருக்கும் நூற்றாண்டுப் பழமையான துணிகளைத் துவைப்பதே அபாயம். துவைக்க முடியாத துணியில் துவைத்தால் போகும் பசைக்கு இடமேது? பாலிவினைல் அசிட்டேட் கலந்த பசை நாள்பட நாள்பட அசிட்டிக் அமிலத்தை வெளியிடும்; அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும். மாவுப் பசையை மிச்சம் விட்டாலோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பாதுகாப்பு வல்லுநர்கள் கிழிந்த ஓரத்தை மெல்லிய ஊசியாலும் நூலாலும்தான் பிடித்துவைக்கிறார்கள்.

புதுக் குவில்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை, துவைத்துவிட்டால். போட்டிக்கு அனுப்புகிறவர்கள் எப்படியும் துவைக்கத்தான் செய்கிறார்கள். பட்டி தைத்து முடிந்ததும் குவில்ட் முழுவதையும் தொட்டி நீரில் அமிழ்த்தி, வரைந்த கோடுகளும் பசையும் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, பிழியாமல் துவாலைகளில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுப்பார்கள். பிறகு தரை விரிப்பின்மேலோ தடித்த நுரைப்பலகைகளின்மேலோ பரப்பி, நாடாவால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார்கள். இரண்டும் ஒரே அளவு வரும்வரை ஈரத்துணியை மெல்ல இழுத்தும் தள்ளியும் நேராக்கி, ஓரம் நெடுகக் குண்டூசி குத்தி, மின்விசிறி போட்டு ஒன்றிரண்டு நாள் காயவிடுவார்கள். பசை போய்விட்ட ஓரம் அந்த ஈரத்தில் மெத்தென்று நெகிழ்ந்து கொடுக்கும். ஏதாவது ஒரு மூலை மட்டும் விரலுக்கு விறைப்பாகத் தட்டுப்பட்டால், அங்கே பசை கூடுதலாக விழுந்திருக்கிறது என்று பொருள். அந்த மூலையை மட்டும் இன்னொரு முறை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, இரண்டு விரலுக்கு நடுவே கசக்கிவிட்டு, மறுபடி குத்திக் காயவைப்பார்கள்.